ஸெய்னுதீன் கட்டிய மட்டைத் துண்டுகள்

மூதூரில் ஸெய்னுதீன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மாடு வளர்த்தவர். இன்னொருவர் ஜெட்டியடியில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். இந்தக் கதைக்குரியவர் மூன்றாமவர். விரிகுடாவைக் கடக்கிற லோஞ்ச் என்ற இயந்திரப் படகை ஓட்டிய ஆதம்பாவா சுக்கானிக்குத் தங்கை மகன். உம்மு குல்சுமைக் கலியாணம் முடித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டோடு வந்து வாழ்ந்தவர். உம்மு குல்சுமின் தம்பிதான் கிராமச் சங்க மெம்பர் ஹிஸ்புல்லா. இந்த உறவு இல்லாவிட்டால் ஸெய்னுதீனுக்கு வாசிகசாலைக் கதவைப் பூட்டித் திறக்கிற சாவி, அந்தத் திறப்பு, கிடைத்திராது. அந்தத் திறப்பு கிடைக்காவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

ஸெய்னுதீன் படித்தது மூன்றாம் வகுப்பு. வேலை செய்தது விரிகுடாவுக்கு அக்கரையில், திருகோணமலை டொக்யார்டில். வெள்ளைக்காரக் கடற்படையின் களஞ்சியத்தில் பதினெட்டு வருடம் பொதி கட்டினார். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. ஆகவே திருகாணியிலிருந்து இயந்திரத்தின் பெரிய சக்கரம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி, மெழுகுக் கடதாசியில் சுற்றி, காற்று நுழையாமல் ஒட்டி அடுக்க வேண்டும். அவர் ஒட்டிய பொதி பத்து வருடம் கழித்துப் பிரித்தாலும் உள்ளே இருப்பது நேற்றுச் செய்தது போல மினுங்கும் என்று பெரிய துரையே சொன்னாராம். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். ஸெய்னுதீனும் வீட்டுக்கு வந்தார். சில வருடம் வயல், சில வருடம் வலை, ஒன்றும் கையில் ஒட்டவில்லை. கடைசியில் ஹிஸ்புல்லா பிடித்துக்கொண்டுபோய் வாசிகசாலையில் விட்டார். கதவைத் திறப்பது, கூட்டுவது, பத்திரிகைகளை மேசையில் விரிப்பது, பூட்டுவது. அவ்வளவுதான் வேலை.

அறுபத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம் காலை லோஞ்சில் ஒரு பெட்டி வந்தது. பெட்டியோடு, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு கந்தோரிலிருந்து பாக்கியரத்தினம் என்ற உத்தியோகத்தரும் வந்தார். மெலிந்த மனிதர், கடல் ஆட்டத்தில் முகம் வெளிறியிருந்தது.

"நாற்பத்திரண்டு புத்தகம்," என்றார். "எல்லாம் புதுசு. எல்லாத்திலயும் படம். சின்னப் பிள்ளையளுக்குப் பாதி, பத்துப் பன்னிரண்டு வயசுக்காரருக்குப் பாதி. வீட்ட கொண்டுபோய் வாசிக்கக் குடுக்கலாம். மூண்டு மாசம் பாப்பம். பிள்ளையள் வாசிச்சா இந்தப் பெட்டி இங்கயே நிக்கும், அடுத்த பெட்டியும் வரும். வாசிக்காட்டி நான் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவன். கேட்டு நிக்கிற ஊர் வேற கனக்க இருக்கு."

அவர் மத்தியான லோஞ்சில் போனதும் ஸெய்னுதீன் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

பத்திரிகையில் வரும் கறுப்புப் புள்ளிப் படம் அவருக்குத் தெரியும். சாமான் டின்னில் ஒட்டியிருக்கும் படம் தெரியும். இப்படியொன்றை அவர் கண்டதில்லை. முதலில் கையில் வந்தது ஒரு திமிங்கிலக் குட்டியின் கதை. முதல் தாளில் வெயில் பட்ட கடல். தாளைத் திருப்பத் திருப்ப நீலம் கறுத்துக் கறுத்துப் போனது. நடுவில் வந்தபோது தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அடுத்தது ஒரு வீட்டை எறும்பு எப்படிப் பார்க்கும் என்று வரைந்த புத்தகம். அதில் ஒரு பெண்ணின் பெருவிரல் குன்றுபோல எழுந்து நின்றது. சிந்திய சீனி வெள்ளை மலைத்தொடர்.

அதன்பிறகு பெரிய பிள்ளைகளுக்கான ஒன்றைத் திறந்தார். ஒரு கப்பல். அதைத் தேங்காய் பிளக்கிற மாதிரி நெடுக்குவாட்டில் பிளந்து வைத்திருந்தான் வரைந்தவன். மேல்தட்டு, அதற்குக் கீழே ஆட்கள் படுக்கிற அறை, சமைக்கிற குசினி, அதற்கும் கீழே இயந்திரம், அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளே சக்கரங்கள். ஸெய்னுதீன் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தச் சக்கரத்தை அவருக்குத் தெரியும். எத்தனை நூறு தரம் எண்ணெய் பூசிச் சுற்றியிருப்பார்! அது கப்பலுக்குள் எங்கே போய் இருக்கிறது என்று ஒருவரும் அவருக்குக் காட்டியதில்லை. பொதி கட்டுகிறவனைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். இப்போது விரலை வைத்துப் பார்த்தார். இதோ, இங்கே.

"யா அல்லாஹ்," என்றார், ஆளில்லாத வாசிகசாலையில்.

அன்றைக்குப் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தார். உடனே ஒரு பயம் பிடித்தது. வாசிகசாலையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இந்த உப்புக் காற்றில் இந்த நிறங்கள் எத்தனை நாளைக்கு? வீட்டுக்கு ஓடினார்.

"இஞ்சப் பாருங்க, கோதும மாவில பசை காய்ச்சணும். ஒரு சட்டி நிறைய," என்றார் மனைவியிடம்.

"சுவர்ல என்ன ஒட்டப் போறீங்க? எலக்சன் வருதா?" என்றாள் உம்மு குல்சும்.

இரண்டு பகல் முழுக்க இருந்து, நாற்பத்திரண்டு புத்தகத்துக்கும் பழுப்புக் கடதாசி வெட்டி, பசை பூசி, மூலை மடித்து, அட்டையோடு அழுத்தி ஒட்டி, மேலே மெழுகு தேய்த்தார். டொக்யார்டில் பார்த்திருந்தால் துரை கைதட்டியிருப்பார். அலுமாரியில் அடுக்கியபோது ஒரே நிறம், ஒரே சீர். சோறு கொண்டுவந்த உம்மு குல்சும் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன மனிசன் நீங்க! எல்லாத்துக்கும் கபன் போட்டு அடுக்கி வச்சிரிக்கீங்க."

"வாயக் கழுவு. இது சவத்துக்குச் சுத்துற சீலையில்ல, பாதுகாப்பு."

பிள்ளைகள் வந்தார்கள். புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு முதல் நாள் இருபது பேர் ஓடிவந்தார்கள். அலுமாரியைப் பார்த்தார்கள். அந்த ஊரில், அந்த ஊரில் என்ன, இலங்கை முழுக்கவே, பழுப்புக் கடதாசி போட்ட புத்தகம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகம். தை மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் தகப்பன்மார் இருந்து உறை போடுவது அந்தப் புத்தகங்களுக்குத்தான்.

"கணக்குப் புத்தகம்டா," என்றான் முன்னால் நின்றவன்.

"இவ்வளவுமா?"

"ஓடு, ஓடு. கேள்வி கேக்கப் போறாங்க."

ஸெய்னுதீன் கூப்பிட வாய் திறப்பதற்குள் முற்றம் வெறுமையாகிவிட்டது. மறுநாள் நாலு பேர். அதற்கடுத்த நாள் ஒருவரும் இல்லை. ஒரு மாதம் போனது. பங்குனி முழுக்க மூன்று புத்தகம் வெளியே போய் வந்தது. மூன்றையும் கொண்டுபோனவர் ஹிஸ்புல்லா, அவரும் வாசிக்கவில்லை.

"மச்சான்," என்றார் அவர், "பெட்டியப் பிரிக்காமலே வச்சிருந்தா உங்களுக்கும் வேல மிச்சம், பாக்கியரத்தினம் ஐயாவுக்கும் தூக்கிக்கொண்டு போக லேசு."

ஸெய்னுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டி போய்விடும் என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக இருந்தது. வேலை போகாது, கூட்டுவதற்கும் பூட்டுவதற்கும் ஆள் வேண்டுமே. ஆனால் அந்தக் கடல், அந்தப் பிளந்த கப்பல், இன்னும் அவர் திறந்து பார்க்காத முப்பது உலகம், ஒரு பிள்ளையும் காணாமலே லோஞ்சேறிப் போய்விடும். தான் பார்த்ததை இன்னொரு சோடிக் கண் பார்க்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சித்திரைத் தொடக்கத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் றோஸ் ரீச்சர் பத்திரிகை பார்க்க வந்தவர், அலுமாரியைக் கண்டதும் வாயில் கைவைத்துக்கொண்டார். ஸெய்னுதீனை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, இதுதானா அந்தப் படப் புத்தகங்கள்? படம் எங்க?"

"உள்ளுக்கு, ரீச்சர்."

"உள்ளுக்கு இருக்கெண்டு பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது? என்ர வகுப்புப் பிள்ளையள் என்ன சொல்லுதுகள் தெரியுமோ? வாசிகசாலையில சோதனை வைக்கினமாம். உந்தக் கடதாசியைக் கழற்றி எறியுங்கோ."

ஸெய்னுதீன் திமிங்கிலப் புத்தகத்தை எடுத்து ஓரத்தில் நகத்தால் உரித்தார். கடதாசி வந்தது. அதோடு முன்னட்டையின் நீலமும் வந்தது. காற்று நுழையாமல் ஒட்டப் பழகிய கையல்லவா? பெருவிரல் அகலத்துக்கு அட்டையில் கடல் கிழிந்து வெள்ளை தெரிந்தது. அவர் அதைத் திரும்ப அழுத்தி, உள்ளங்கையால் மூடிக்கொண்டே நின்றார். தன் தோலை உரித்த மாதிரி இருந்தது.

"விடுங்கோ காக்கா, விடுங்கோ," என்றார் றோஸ் ரீச்சர். அவருக்கும் முகம் கறுத்துப் போயிற்று. "பிரிச்சால் கெட்டுப்போகும். வேற வழி பாப்பம்."

வழி அன்றைக்குப் பின்னேரம் வந்தது. களஞ்சியத்தில் பொதியை ஒட்டிவிட்டால் பிரிக்கக் கூடாது. பின்னே உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொதியிலும் சணல் நூலில் ஒரு தடித்த கடதாசி மட்டைத் துண்டு தொங்கும். உள்ளே என்ன, எதற்கு உதவும், எந்த வேலைக்காரன் கையில் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். துண்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பதினெட்டு வருடம் அவர் கட்டிய துண்டுகளில் எழுதியது வேறு ஆட்கள். இப்போது இந்தப் புத்தகங்களுக்கு அவரே எழுத வேண்டும். எழுதுவதற்கு நாற்பத்திரண்டையும் வாசிக்க வேண்டும்.

வாசித்தார். எழுத்தின் கீழ் விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். வீட்டுக்குக் கொண்டுபோய், குசினி வாசலில் இருந்து உம்மு குல்சுமுக்கும் கேட்கச் சொல்லி வாசித்தார். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள். முதல் நாள் எழுதிய துண்டில் திமிங்கிலக் கதை முழுவதையும் எழுதிவிட்டார். தாய் கிடைத்ததையும் சேர்த்து. உம்மு குல்சும் கேட்டுவிட்டு, "எல்லாம் சொல்லி முடிஞ்சுதே, இனி அந்தப் புத்தகத்த என்னத்துக்குத் திறக்கிற?" என்றாள்.

அது சரிதானே என்று அவருக்குப் பட்டது. அதன்பிறகு வாசிக்கும்போது அவள் கையைக் கவனித்தார். துருவுகிற கை எந்த இடத்தில் நிற்கிறதோ, தேங்காய்ப் பாதியைப் பிடித்தபடி "பொறகு?" என்கிறாளோ, அந்த இடத்தில் துண்டு முடிய வேண்டும். அப்படித்தான் எழுதினார். வயதை எண்ணில் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு வயது சரியாகத் தெரிந்த வீடுகள் அங்கே குறைவு.

*இதற்குள்ளே கடல். ஒரு திமிங்கிலக் குட்டி தாயைத் தேடிக் கீழே போகிறது. ஒவ்வொரு தாளும் முந்தியதைவிட இருட்டு. கடைசித் தாளில் இருட்டுக்குள் என்னவோ மினுங்குகிறது. சட்டைப் பொத்தானைத் தானே பூட்டத் தெரிந்தவர்களுக்கு. பயந்த பிள்ளை என்றால் பக்கத்தில் ஓராள் இருக்கட்டும்.*

*இதற்குள்ளே இரண்டாகப் பிளந்த கப்பல். நான் பதினெட்டு வருடம் கப்பலுக்குச் சாமான் கட்டினேன். அது எங்கே போனது என்று இதைப் பார்த்துத்தான் அறிந்தேன். தனியாகக் கடைக்கு அனுப்பக்கூடிய பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் கேட்டால், பிள்ளைகளுக்குப் பிறகு.*

*இதற்குள்ளே நிறம் காணாமற்போன ஓர் ஊர். முதல் முப்பது பக்கம் கறுப்பும் வெள்ளையும்தான். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். பொறுங்கள்.*

எல்லாவற்றையும் அவர் புகழவில்லை. ஒன்றில் இப்படி எழுதினார்: *இதற்குள்ளே புத்தி சொல்லுகிற முயல். படம் வடிவு. முயல் வாயை மூடுவதில்லை. வேறொன்றும் கிடைக்காவிட்டால் எடுக்கவும்.*

துண்டுகள் தொங்கிய அலுமாரியை முதலில் கண்டது கட்டைபறிச்சானிலிருந்து தகப்பனோடு வந்த ஒரு பையன். அவன் நாலைந்தை உரக்க வாசித்தான். அடுத்த நாள் ஒன்பது பேர். வாரம் முடியும்போது முற்றத்தில் சண்டை.

"திமிங்கிலம் எனக்கு! நான் பொத்தான் பூட்டுவன்!"

"பூட்டிக் காட்டு பாப்பம். மேல் பொத்தான் கீழ் ஓட்டைக்குள்ள போகுது!"

"மாமா, இவன் தனியாக் கடைக்குப் போகமாட்டான். நாய்க்குப் பயம். இவனுக்குக் கப்பல் குடுக்கப்படாது."

"முயல் இரிக்கா, மாமா? அது எவ்வளவு கூடாதெண்டு பாக்கணும்."

முயலுக்குத்தான் எல்லாவற்றையும்விட அடிபிடி. ஸெய்னுதீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். ஒரு சிறு மட்டைத் துண்டு இவ்வளவு பேரை இழுக்கும் என்று அவருக்கு ஆரும் சொன்னதில்லை. பக்கம் பக்கமாக அவர் ஊன்றி ஏறிய மலையில் இந்தப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி போலத் துள்ளி ஏறினார்கள்.

வைகாசி நடுவில் பாக்கியரத்தினம் வந்து இறங்கினார். வாசிகசாலைக்குள் நுழைந்தவர், அலுமாரியைப் பார்த்தார். ஒரே ஒரு புத்தகம் சாய்ந்து கிடந்தது.

"மிச்சம் எங்க?"

"பிள்ளையள்ட கையில, ஐயா."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிடந்த ஒன்றைத் தூக்கினார். கடதாசியைத் தடவினார். ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன ஐசே இது! கந்தோர்ச் சொத்துக்குப் பசை பூசி வச்சிருக்கிறீர். அட்டையே போச்சு!"

"என்ட பிழைதான் ஐயா. காத்துக்குப் பயந்து செஞ்சிட்டன்."

"ஆர் எதைக் கொண்டுபோனதெண்டு எழுதி வச்சிருக்கிறீரா?"

"எழுதல்ல ஐயா. எனக்குத் தெரியும். கப்பல், மீன் யாவாரி ஜெமீல்ட மூத்த மகன்ட்ட. திமிங்கிலம், றோஸ் ரீச்சர்ட தமக்கை மகள் சீலாட்ட. எறும்பு, அன்ஸார்ட கடைசிப் புள்ளைட்ட. அதுட உம்மா நம்மட பொண்சாதிக்குச் சாச்சி மகள்..."

"போதும், போதும். சொந்தக் கதை வேண்டாம்." பாக்கியரத்தினம் குடையை எடுத்தார். "வாரும். வீடு வீடாப் போவம். ஒண்டு விடாமச் சேர்த்து, பின்னேர லோஞ்சில ஏத்துவம். இந்தப் பெட்டி இனி இங்க நிக்க ஏலாது."

ஸெய்னுதீன் வெறும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

முதலில் சீலாவின் வீடு. ஏழு வயதுப் பிள்ளை, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றது.

"நாளைக்குத் தாறன், சேர். தம்பிக்குக் கடைசித் தாளை இண்டைக்குக் காட்டுறனெண்டு சொன்னனான். ரெண்டு நாளா அந்தத் தாளுக்குக் கிட்ட வந்து வந்து கண்ணை மூடிப்போட்டு ஓடுறான். இண்டைக்குப் பாப்பனெண்டு சத்தியம் பண்ணியிருக்கிறான்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்துத் திரும்ப மறைந்தது. பாக்கியரத்தினம் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சரி. திரும்பி வரேக்க எடுக்கிறன்."

இரண்டாவது வீட்டில் கப்பல் இல்லை. ஜெமீலின் மகன் வாசித்து முடித்ததும் ஜெமீலின் தம்பி கேட்டு வாங்கி, அவரிடமிருந்து ஆதம்பாவா சுக்கானிக்குப் போய், அது இப்போது விரிகுடாவின் நடுவில் லோஞ்சில் இருந்தது.

"நீ வாசிச்ச பொறகுதானே பெரியாக்களுக்குக் குடுத்த?" என்று ஸெய்னுதீன் கேட்டார், தன்னையும் மறந்து.

"ஓம் மாமா. நான் நாலு தரம் வாசிச்ச பொறகுதான் குடுத்த," என்றான் பையன்.

மூன்றாவது வீடு கரையோரம். வீட்டுக்கு முன்னால் மணலில் ஏற்றிக் கவிழ்த்திருந்த தோணியின் நிழலில் ஆறேழு பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் சித்தி பரீதா என்ற பத்து வயதுப் பிள்ளை. மடியில் பனி நாட்டுக் கதைப் புத்தகம். ஆறு உறைந்து கல்லாகி, அதன் மேலே மாட்டு வண்டியைப் போல ஒரு வண்டியை நாய்கள் இழுத்துப் போகிற படம் இரண்டு பக்கத்துக்கும் விரிந்து கிடந்தது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு மேலயா போகுது? பொய்," என்றான் ஒருவன்.

"பொய்யில்ல. இறுகின தண்ணி."

"நம்மட கடல் இப்பிடி இறுகினா லோஞ்ச் வேணாம். நடந்தே திருகோணமலைக்குப் போகலாம்."

"ஆதம்பாவா அப்பா என்ன செய்யிற பொறகு?"

"அவர் நாய் மேய்ப்பார். சத்தம் போடாம இரிங்கடா, பனிப் பிளவு வருது!"

சித்தி பரீதா தாளைத் திருப்பினாள். விரலை வைக்கவில்லை. எழுத்துக் கூட்டவில்லை. மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை அப்படியே ஓடி முடித்தாள்; வண்டிக்குக் கீழே பனி வெடிக்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், அப்படித் தாழ்த்த வேண்டும் என்று ஆரும் சொல்லிக் கொடுக்காமலே. அந்த ஒரு பக்கத்துக்கு ஸெய்னுதீனுக்கு ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் சென்றது. இந்தப் பிள்ளையின் தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிறவன். அவனுடைய தகப்பனும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் இப்படியொரு குரல் எங்கேயிருந்து வந்தது? இவ்வளவு காலம் எங்கே இருந்தது?

தலையிலிருந்த பெட்டியை அவர் சத்தமில்லாமல் மணலில் இறக்கினார்.

பாக்கியரத்தினம் பிள்ளைகளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். படத்தைப் பார்த்தார். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்திலிருந்து தொங்கிய துண்டைப் பிடித்து, கண்ணாடியை இறக்கி வாசித்தார். *இதற்குள்ளே குளிர். மூதூரில் ஒருவரும் அறியாத குளிர். வெயில் நேரம் வாசிக்கவும். பனி வெடிக்கிற பக்கத்தில் நிறுத்த ஏலாது. ஆகவே உம்மா கூப்பிடாத நேரமாகப் பார்த்துத் தொடங்கவும்.*

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான், ஐயா. எழுத்து வடிவில்லை."

ஜெட்டிப் பக்கமிருந்து லோஞ்ச் ஊதியது. சித்தி பரீதா அடுத்த தாளைத் திருப்பினாள். பாக்கியரத்தினம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முடியும்வரைக்கும் நின்றார். லோஞ்ச் இரண்டாம் தரம் ஊதியது.

"பெட்டி நிக்கட்டும்," என்றார் மெதுவாக, பிள்ளைகளைக் குழப்பாமல். "ஆடி மாசம் மற்றது வரும். அதுக்கும் துண்டு எழுதும். ஆனால் பசைச் சட்டியோட உம்மைக் கண்டனெண்டால், கையை நானே கட்டிப்போடுவன், சொல்லிப்போட்டன்."

அவர் மணலில் வேகமாக நடந்து போனார். ஸெய்னுதீன் வழியனுப்பப் போயிருக்க வேண்டும், அதுதான் மரியாதை. போகவில்லை. பனி பிளந்து, நாய்கள் வழுக்கி, வண்டி சாய்ந்துகொண்டிருந்தது. வாசித்து அறிந்த கதைதான். இருந்தும் அவர் தோணியின் நிழலில் பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.